எலி மாவும் எட்டு இலைப் பந்தியும்

கீழமாசி வீதியில் பக்கீர் முகமதின் சாயப்பொடிக் கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் மகன் ஜமீலின் தொண்டையைத் தெரியாதவர்கள் கிடையாது.

அந்த ஒரு தொண்டைக்குள் வீதியே குடியிருந்தது. முனிசிபாலிட்டி மேஸ்திரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அதட்டுவது, எதிர்த்த கடலை மண்டியில் விருமாண்டி மூட்டை எண்ணுவது, எண்ணும்போதே மூட்டை தூக்கும் மொக்கையனை வைவது எல்லாம் அச்சு அசலாக வரும். "ஒண்ணு... ரெண்டு... ஏய் மொக்கையா, அது மூட்டையாடா, உன் வயிறாடா?" என்று ஜமீல் கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தால், மொக்கையன் மண்டியில் சுமையை இறக்கி வைத்துவிட்டு விருமாண்டியை முறைப்பான். விருமாண்டி வாயே திறந்திருக்கமாட்டார்.

இருபத்திரண்டு வயசு. இண்டர்மீடியட் இரண்டு வருஷம் படித்து, கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டவன். ஏன் விட்டான் என்று கேட்டால் பக்கீர் முகமது, "தலையெழுத்து" என்பார். உண்மை வேறு. பேனாவைப் பிடித்தால் ஜமீலுக்கு ஒன்றும் வராது. வாயைத் திறந்தால் வாத்தியாரே வருவார். பரிட்சை ஹாலில் வாயைத் திறக்க விடவில்லை.

அந்த வாத்தியாருக்கு வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஜலதோஷம். லாபரட்டரிப் புகை முழுக்க அவர் மூக்குக்குள்தான் போய் அடங்கும் என்று பையன்கள் சொல்வார்கள். மூக்கு அடைத்தவர் கோபத்தில் கத்தினால் 'ம' எல்லாம் 'ப' ஆகிவிடும். முட்டாள் என்று அவர் ஒருநாளும் திட்டியதில்லை. புட்டாள் என்றுதான் திட்டுவார். அவர் நடத்தியதில் ஜமீலின் மண்டையில் ஆணி அடித்தாற்போல் நின்றது ஒரே ஒரு பாடம், எட்டுப் பாடம்.

"எலக்ட்ரான் எல்லாம் பந்தி பந்தியா உட்கார்ந்திருக்கு. வெளிப் பந்தியை மட்டும் பார். எட்டு இலை. எட்டும் நிறைஞ்சிருந்தா அவன் யாரோடயும் சண்டைக்குப் போகமாட்டான், சம்பந்தத்துக்கும் போகமாட்டான். ஏழு பேர் இருந்தா, வழியில போற ஒருத்தனைக் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வைப்பான், குளோரின். ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருந்தா? அவனை எழுப்பி அனுப்பிட்டு, உள் பந்தி நிறைஞ்சிருக்கே, அது போதும்பான், சோடியம். எலக்ட்ரான்னா கழித்தல்டா. கழித்தல் வந்தா கழித்தல். கழித்தல் போனா? சொல்லு, புட்டாள்!"

"கூட்டல், சார்."

இதைக் கடையில் வைத்து எத்தனை தரம் நடித்துக் காட்டினான் என்று கணக்கில்லை. வீதியில் அவனுக்கு "எட்டு" என்றே பேராகிவிட்டது. எட்டு வந்துட்டானா, எட்டு சாப்பிட்டானா என்று விசாரித்தார்கள். அந்தப் பாடத்தால் ஒரு தம்பிடிக்குப் பிரயோசனம் உண்டு என்று யாரும் நினைக்கவில்லை. ஜமீலும் நினைக்கவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் பங்குனி மாசம் விருமாண்டி கடைக்கு வந்தார். குடோனில் எலி சாக்கைக் கடித்துக் கடலையைக் கொட்டுகிறது. மருந்து வேண்டும்.

ஜமீல் ஒரு டப்பாவைத் திறந்தான். மேலே இங்கிலீஷில் பேரியம் கார்பனேட் என்று ஒட்டியிருந்தது. உள்ளே அரிசி மாவு போல வெள்ளை வெளேரென்று பொடி. வாசனை கிடையாது, ருசி கிடையாது. மூன்று பலம் நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தான்.

"எலி திங்குமா மாப்ள?"

"சும்மா வச்சா எப்படி மாமா திங்கும்? பச்சரிசி மாவுல, வெல்லம் தட்டிப் போட்டு, எண்ணெய் தொட்டு உருண்டை பிடிங்க." ஜமீல் கீச்சுக் குரலுக்கு மாறினான். "'ஏங்க, விருமாண்டி வீட்ல விசேஷமாம், பிள்ளைகளையும் கூட்டிக்கங்க'ன்னு எலி குடும்பத்தோட கிளம்பி வரும் பாருங்க."

விருமாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொன்னபடியே செய்தார். பச்சரிசி மாவு, வெல்லம், எண்ணெய், இருபது உருண்டை.

மறுநாள் காலை வண்டியூர் மாரியம்மனுக்குப் பால்குடம். மண்டித் தூணில் வேப்பங்குழை கட்டி, அடியில் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. விருமாண்டி உருண்டைகளை வாழை இலையில் வைத்து, குடோனுக்குக் கொண்டுபோகும் வழியில் கொட்டுச்சத்தம் கேட்டதும், இலையைத் தூணடியில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

அப்போதுதான் திருமங்கலத்துப் பக்கத்திலிருந்து கடலை கொண்டுவந்த கருத்தக்கண்ணன் தன் மூட்டையைத் தேடி உள்ளே வந்தார். தூண். வேப்பிலை. குங்குமம். இலையில் வெல்லமும் மாவும். மாரியம்மன் திருவிழா அன்று இதைப் பார்த்தால் எவனுக்கும் ஒரே ஒரு நினைப்புதான் வரும்.

கொட்டு ஓய்ந்து விருமாண்டி திரும்பியபோது கருத்தக்கண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாவிளக்கு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. என்ன, வெல்லம் கொஞ்சம் கம்மி."

"எந்த மாவிளக்கு?" என்றார் விருமாண்டி.

கருத்தக்கண்ணன் தூணைக் காட்டினார்.

விருமாண்டி இலையில் இருந்த உருண்டைகளை எண்ணினார். பதினெட்டு. மறுபடி எண்ணினார். பதினெட்டு. வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் எதிர்க் கடைக்கு ஓடிவந்தார்.

"மாப்ள... மாப்ள... எலிக்கு வச்சதைக் கருத்தக்கண்ணன் தின்னுட்டான். ரெண்டு உருண்டை!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கடையில் யார் எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துப் பழக்கம். ஜமீலும் சிரித்தான். அப்புறம் விருமாண்டியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை அவன் ஒருநாளும் நடித்ததில்லை. வெல்லம் போடச் சொன்னது யார்? குடும்பத்தோடு வரும் என்று கீச்சுக் குரல் கொடுத்தது யார்?

பக்கீர் முகமதுதான் பிடரியில் தட்டினார். "என்னடா மரமா நிக்கிறே? ஓடுறா!"

இவர்கள் போவதற்குள் கருத்தக்கண்ணன் இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டார். மூட்டையில் சாய்த்து வைத்திருந்தார்கள். "உதடு மரமரங்குது தம்பி. எறும்பு ஊருற மாதிரி" என்றார். காலை நீட்டப் பார்த்தார். கால் பாதியில் நின்றது. "என் காலு என் பேச்சைக் கேக்கலையே" என்று தன் காலையே அசலார் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பூட்டச் சொல்லியாகிவிட்டது. ஆனால் வீதி கொள்ளாமல் பால்குடம். பெண்கள் தலையில் குடத்தோடு வரிசை வரிசையாகப் போகிறார்கள். அரை மணிக்கு மாடு ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. பக்கத்து டாக்டரும் வெளியூர். அவருடைய கம்பவுண்டர் சுடலைதான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சுடலை, கடையிலிருந்து வந்த டப்பாவில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"பேரியமா? இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? மதராஸ்ல வயித்தை எக்ஸ்ரே எடுக்குறப்ப இதைத்தான்யா டம்ளர் டம்ளராக் குடிக்கக் குடுக்கிறாங்க. நான் எங்கண்ணால பாத்திருக்கேன். குடிச்சிட்டு எந்திரிச்சு வீட்டுக்குப் போறான் ஒவ்வொருத்தனும். இவனுக்குப் பித்தம். புளியைக் கரைச்சு ஊத்துங்க, சரியாப் போகும்."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. மொக்கையன் புளியைக் கரைக்க ஆரம்பித்தான்.

ஜமீலுக்கும் நம்ப ஆசையாக இருந்தது. எக்ஸ்ரேக்குக் குடிக்கிறார்கள் என்பது அவனும் படித்ததுதான். ஆனால் எலி சாகிறதே? ஒரே பேரியம் அங்கே பால், இங்கே விஷம். இது எப்படி? வகுப்பில் இருந்தது. எங்கேயோ இருந்தது. தேடத் தேட வெறும் காகிதம்தான் தெரிந்தது, பரிட்சை ஹாலில் தெரிந்த அதே வெள்ளைக் காகிதம்.

கருத்தக்கண்ணன் மறுபடி ஓங்கரித்தார்.

ஜமீல் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். "எழுந்திருடா. பேரியம் யாரு? சொல்லு, புட்டாள்!" என்றான்.

மண்டி அதிர்ந்துபோனது.

"அடப்பாவி!" என்று விருமாண்டி கத்தினார். "ஆளு சாகக் கெடக்கான், நீ கூத்துக் கட்டுறியா?"

"கையை எடுடா மூக்குல இருந்து" என்றார் பக்கீர் முகமது. அவமானத்தில் வீதிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் அத்தா. வாத்தியார் வந்தாத்தான் எனக்குப் பாடம் வரும்." கண்ணில் தண்ணீர் ஓட, மூக்கை விடாமல் பேசினான். கேள்வியும் அவனே, பதிலும் அவனே.

"பேரியம் யாரு?"

"கால்சியத்துக்குப் பங்காளி சார். ஒரே வரிசை."

"வெளிப் பந்தியில எத்தனை பேர்?"

"ரெண்டு பேர். ரெண்டு பேரையும் அனுப்பிருவான். உள்ள எட்டு நிறைஞ்சிருக்கு. ரெண்டு கழித்தல் போச்சு. ரெண்டு கூட்டல்."

"போன ரெண்டு பேரை யார் வச்சிருக்கா?"

"கார்பனேட்டு சார். அந்தக் கூட்டத்துக்கு எல்லாப் பந்தியிலயும் எட்டு வர ரெண்டு ஆள் குறையும். அதான் ரெண்டும் ரெண்டும் ஜோடி சேர்ந்து கிடக்கு."

"அது தலையில திராவகம் பட்டா?"

ஜமீலின் கை மூக்கிலிருந்து தானாக இறங்கியது. சொந்தக் குரலில் சொன்னான். "கார்பனேட்டு புகையாப் பிரிஞ்சு ஓடிரும். பேரியம் தனியா நிக்கும். ரெண்டு கூட்டலோட, ஜோடி இல்லாம, வயித்துல. அங்கேயிருந்து ரத்தத்துக்குப் போகும்." திரும்பி மொக்கையனைப் பார்த்தான். "புளியைக் கீழ போடுங்கண்ணே! புளிப்புப் பட்டா இன்னும்தான் அவிழும்!"

மொக்கையன் சட்டியோடு போட்டுவிட்டான்.

"அப்ப எக்ஸ்ரேக்குக் குடிக்கிறவன் ஏன்டா சாகலை?" என்று சுடலை கேட்டார். கோபம் பாதி, பயம் பாதி.

"அது சல்பேட்டுண்ணே. கந்தகமும் நாலு ஆக்சிஜனும் கூட்டு. அதுக்கும் ரெண்டு ஆள் குறையும். ரெண்டு கழித்தல். பேரியம் அவன் கையைப் பிடிச்சா ஒண்ணுக்கு ஒண்ணு சரிக்குச் சரி. இவன் கார்பனேட்டு மாதிரிப் புகையா ஓடமாட்டான். எந்தத் திராவகத்தாலயும் பிரிக்க முடியாது. அப்படியே முழுசாப் போய் முழுசா வெளிய வந்துரும். இப்ப இவரு வயித்துக்குச் சல்பேட்டு வேணும். நம்ம கடையில மூட்டை மூட்டையா இருக்கு. பேதி உப்பு!"

கருத்தக்கண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாக்குத் தடித்துப்போய், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினார்.

"தம்பி... நீ பரிச்சையில... தேறாத பயதான?"

"ஆமாண்ணே."

"ஏற்கெனவே ஒண்ணு... தின்னுட்டேன். இன்னொரு வெள்ளைப் பொடிய... உன்னைய நம்பி... எப்படிக் குடிக்கிறது?"

ஜமீல் கடைக்கு ஓடினான். இரண்டு கண்ணாடித் தம்ளர், தட்டார்கள் வாங்கும் உப்புத் திராவகம், பேதி உப்பு எல்லாம் எடுத்து வந்தான். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி, திராவகத்தைச் சொட்டினான். எலி மாவுப் பொடியைப் போட்டான். புஸ்ஸென்று நுரைத்தது. நுரை அடங்கியபோது பொடியைக் காணோம். பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவு.

"வயித்துக்குள்ள இருக்கிறதும் இதே திராவகந்தான்ணே. விஷம் இப்ப இந்தத் தண்ணியில இருக்கு. கண்ணுக்குத் தெரியுதா?"



இன்னொரு தம்ளரில் கரைத்த பேதி உப்பை அதில் ஊற்றினான். அதுவும் தெளிவான தண்ணீர், இதுவும் தெளிவான தண்ணீர். சேர்ந்த கணத்தில் தம்ளர் முழுக்கச் சுண்ணாம்பு கரைத்தாற்போல் வெளுத்தது. விருமாண்டி "ஆத்தா!" என்று பின்னால் நகர்ந்தார். ஜமீல் மேலும் திராவகத்தைச் சொட்டினான். வெள்ளை அசையவில்லை. இன்னும் சொட்டினான். அசையவே இல்லை.

"சுடலையண்ணே, நீங்க மதராஸ்ல பாத்த பால் இதுதான்."



"குடுறா" என்றார் கருத்தக்கண்ணன்.

இரண்டு உருண்டைக்கு எவ்வளவு பொடி என்று எடை போட்டான். ஒன்றுக்கு ஒன்று என்றால் எடையில் உப்பு கொஞ்சம் கூட வேண்டும். வாந்தியில் போவதற்கும் சேர்த்து அதற்குமேல் இரண்டு மடங்கு போட்டான். மிச்சம் பேதியாகப் போய்த் தொலையட்டும். கசப்பில் கருத்தக்கண்ணனின் முகம் கோணியது. முதல் வாய் வெளியே வந்தது. மறுபடி கொடுத்தார்கள். நின்றது. பால்குடத்தின் கடைசி வரிசை போனதும் வண்டி ஓடியது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் நாடி பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், டப்பாவைப் படித்தார். "பேரியம் கார்பனேட். என்ன கொடுத்தீர்கள்?"

"பேதி உப்பு சார். சல்பேட்" என்றான் ஜமீல்.

டாக்டர் நிமிர்ந்தார். "யார் கொடுத்தது?"

"நான்தான் சார்" என்றார் சுடலை.

ஜமீல் தலையாட்டினான். அந்த நேரத்தில் ஆளைப் பிழைக்க வைத்தது மொக்கையன்தான் என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பான். "கொடுத்தது சரி. இல்லாவிட்டால் இங்கே வந்திருக்கமாட்டார்" என்று டாக்டர் உள்ளே கொண்டுபோகச் சொன்னார். வராந்தாவில் உட்கார்ந்த ஜமீல் மூன்று மணிவரை எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்குக் கருத்தக்கண்ணன் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கால் விரல் அசைந்தது. நாக்கும் திரும்பியிருந்தது.

"பொழைச்சுக்கிட்டீகண்ணே" என்றான் ஜமீல். "ரெண்டு உருண்டை தின்னும் பொழைச்சுக்கிட்டீக."

"ரெண்டா? ஒண்ணுதான தின்னேன். சாமி மாவை ஒத்தையில திங்கலாமா தம்பி? ஒண்ணை இலையில மடிச்சு எந்தம்பி பேயாண்டிகிட்டக் குடுத்து..." பாதியில் அவர் முகம் வெளுத்தது, காலையில் தம்ளர் வெளுத்தாற்போல. "முதல் பஸ்ஸுக்குப் போனான். இருளாயிக்கு. எம் பொண்டாட்டிக்குடா!"

பதினெட்டு. விருமாண்டி இரண்டு தரம் எண்ணினார். வீதியே எண்ணியது. இரண்டும் இவர் வயிற்றில்தான் என்று ஜமீல் இரண்டுக்கு உப்பு நிறுத்தான். இன்னொன்று எட்டு மணிக்கே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. மணி இப்போது மூன்றரை.

பேதி உப்புப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். திருமங்கலம் வரைக்கும் உட்காரவில்லை. கண்டக்டர் என்னவோ கேட்டார்; என்னவோ சொன்னான். இறங்கி இரண்டு மைல் கண்மாய்க் கரையோடு ஓடினான். ஊர் நெருங்க நெருங்க ஒப்பாரிச் சத்தம் கேட்கிறதா என்றே காது தேடியது. யார் குரலையும் பிடித்துவிடும் காது அது. அன்று அது பயந்து பயந்து கேட்டது.

கேட்டது ஒரு பெண் குரல்தான். ஆனால் ஒப்பாரி இல்லை, வசவு.

வீட்டு முன்னால் இருளாயி விளக்குமாறும் கையுமாக நின்று தரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். தரையில் இரண்டு பெருச்சாளி. வாலை நீட்டி, காலை விறைத்து, செத்துக் கிடந்தன.

"அக்கா... உங்க வீட்டுக்காரர் குடுத்து விட்ட மாவு..." ஜமீலுக்கு மூச்சு வாங்கியது.

"அதைத்தான் சொல்றேன்! இன்னைக்கு எனக்கு விரதம், பொழுது சாஞ்சு வாயில போடுவோம்னு கூரையில சொருகி வச்சேன். இந்த நாசமாப் போனதுக தின்னுருக்குக. ஆத்தா சும்மா விடுவாளா? சாமி மாவுல வாய் வச்ச இடத்துலயே சாச்சுப்புட்டா பாரு!"

ஜமீல் வாசலில் அப்படியே உட்கார்ந்தான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. அதற்கும் அவனிடம் ஒரு குரல் இல்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னான். மாவு எது, வெல்லம் போடச் சொன்னது யார், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது யார் என்று ஒன்றையும் ஒளிக்கவில்லை. இருளாயியின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. பெருச்சாளிகளைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"காலு வந்துருச்சா அவருக்கு?"

"விரல் அசையுதுக்கா. நாளைக்கு நடந்துருவாராம், டாக்டர் சொல்றாரு."

"நீ எப்ப சாப்பிட்ட?"

ஜமீலுக்கு ஞாபகம் இல்லை.

உள்ளே போய் ஒரு இலையில் எதையோ கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பச்சரிசி மாவு, வெல்லம், உருண்டை.

"நான் இடிச்ச மாவு தம்பி. சாமிக்கு இன்னும் படைக்கலை, நீ திங்கலாம்."

மறுவாரத்திலிருந்து பக்கீர் முகமது கடையில் எலி மாவை நீலச் சாயம் கலந்துதான் விற்றார்கள். நீல நிறத்தில் எந்தச் சாமிக்கும் மாவிளக்கு கிடையாது. எலி திங்குமா என்று கேட்டவர்களுக்கு ஜமீல் சொந்தக் குரலில், ஒரே வார்த்தையில், "திங்கும்" என்றான்.

அதெல்லாம் அப்புறம். அந்தச் சாயங்காலம் அவன் உருண்டையைக் கையில் எடுத்து மோந்து பார்த்தான். நெய் மணத்தது. இருளாயி பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னொரு தரம் மோந்து பார்த்தான்.

"அடேய், தின்னுடா" என்றாள் அவள்.

மூன்றாவது தரமும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டான்.